கத்தரிக்காயில் இல்லைக் குற்றம்: தொடுகை ஒவ்வாமையும் ஒட்டுச் சோதனையும்

உடம்பில் எங்காவது கடி எடுத்துத் தடித்துவிட்டால் எம்மவர் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்பதுதான். பதில் எதுவாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றே. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, தக்காளி கிரந்தி. ஒவ்வொன்றாகச் சாப்பாட்டிலிருந்து நீக்கப்படும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உடம்பு மெலிந்திருக்கும், கைக் கரப்பன் மட்டும் அப்படியே இருக்கும்.

உணவால் தோலில் ஒன்றும் வராது என்று நாம் சொல்லவில்லை. இறால் ஒவ்வாதவருக்குச் சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும், உதடு வீங்கும். மூச்சு முட்டினால் அது உயிருக்கே ஆபத்து, உடனே அவசர வைத்திய உதவி தேவை. ஆனால் அந்தத் தடிப்புகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். கைவிரல், மணிக்கட்டு, கண்ணிமை, கழுத்து, நெற்றி என்று ஒரே இடத்தில் வாரக்கணக்காக நின்று, வரண்டு, வெடித்து, சிலவேளை நீர் வடியும் கரப்பன் வேறு சாதி. அதற்குக் காரணம் வாய்க்குள் போனதைவிடத் தோலில் பட்டதாக இருப்பதே பெரும்பாலும் வழக்கம். இதைத் தொடுகை ஒவ்வாமைத் தோலழற்சி என்பர். எந்தப் பொருள் குற்றவாளி என்பதைக் கண்டுபிடிக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒரு முறை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பற்ச் ரெஸ்ற்' என்பார்கள். இக்கட்டுரையில் ஒட்டுச் சோதனை என்று எழுதுகிறோம்.

நாம் வைத்தியர் அல்லர், கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஆயினும் இந்நாட்டிற்கு அகதியாக வந்த ஆரம்ப வருடங்களில் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவியதால், சவர்க்கார நீர் கையை என்ன செய்யும் என்பதைத் தோலால் அறிந்தவர்கள். பிற்காலத்தில் சங்க உறுப்பினர் சிலருக்குத் துணையாக லண்டன் வைத்தியசாலைகளின் தோல் பிரிவுகளுக்குச் சென்றபோது அறிந்தவற்றையும், அதன் பின் தேடிப் படித்தவற்றையும் இங்கே தருகின்றோம். மருந்து விடயத்தில் முடிவு உங்கள் வைத்தியருடையது.

உடம்பின் நினைவு

"இருபது வருடமாக இதைத்தானே பூசுகிறேன், இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமற் போகும்?" என்று பலர் கேட்பார்கள். இருபது வருடம் ஒத்துக்கொண்டது என்பது பொருள் குற்றமற்றது என்பதற்குச் சாட்சி ஆகாது. நிக்கல் போன்ற சிறிய இரசாயனம் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்துடன் ஒட்டிக்கொள்கிறது. தோலின் காவற் கலங்கள் அதை எடுத்துச் சென்று நிணநீர் முடிச்சுகளில் காட்டுகின்றன. அங்கே உடம்பு அதைப் பகையென்று பதிந்துகொண்டால், அந்தப் பொருளுக்கென்றே நினைவு வைத்திருக்கும் வெண்கலங்கள் உருவாகிவிடுகின்றன. பதிவு நடக்கக் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் வேண்டும். ஒருவருக்கு முதல் மாதத்திலேயே நடக்கலாம், இன்னொருவருக்கு முப்பதாவது வருடத்தில் நடக்கலாம், பலருக்கு நடக்காமலே போகலாம். பதிந்த பின்னர் அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் அழியாது.

பதிந்தபின் அதே பொருள் மீண்டும் பட்டால், கரப்பன் உடனே எழாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே எழும். குற்றவாளி தப்புவது இந்த இடைவெளியில்தான். வெள்ளிக்கிழமை பூசிய தலைச்சாயம் ஞாயிறு காலை கண்ணை வீங்க வைக்கும்போது, சனிக்கிழமை விருந்தில் உண்ட நண்டுக்கறி பிடிபட்டுவிடுகிறது.

தொடுகையால் வரும் எல்லாக் கரப்பனும் ஒவ்வாமை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். தண்ணீர், சவர்க்காரம், துப்புரவுத் திரவம் ஆகியவை தோலின் எண்ணெய்ப் படையை அரித்து உண்டாக்கும் எரிவுக் கரப்பனே இரண்டிலும் அதிகம். அது எவருக்கும் வரலாம், நினைவுக் கலம் எதுவும் தேவையில்லை. வெடித்த தோலின் ஊடாக ஒவ்வாமைப் பொருட்கள் இலகுவாக இறங்குவதால் முதலாவது இரண்டாவதற்கு வாசல் திறந்துவிடுவதும் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது நிபுணருக்கே கடினம்.

எம் வீடுகளிலும் கோயிலிலும்

உலகில் ஒட்டுச் சோதனைகளில் மிக அதிகமாக அகப்படும் உலோகம் நிக்கல். பெண்பிள்ளைகளுக்குக் காது குத்தி மலிவான தோடு போடும்போதே பலருக்குப் பதிவு ஆரம்பிக்கிறது. போலி நகை, மணிக்கூட்டுப் பட்டியின் கொளுவி, காற்சட்டைப் பொத்தான் ஆகியவற்றில் அது இருக்கலாம். 22 கரட் மஞ்சள் தங்கத்தில் பொதுவாக நிக்கல் சேர்ப்பதில்லை, சிலவகை வெண்தங்கத்தில் சேர்ப்பார்கள். ஆகவே தாலிக்கொடியைச் சந்தேகிக்குமுன் அதிலே கொளுவி வைத்திருக்கும் சேலை ஊசிகளைப் பாருங்கள். அம்மாமார் கொடியிலே நாலு ஊசி தொங்கவிடும் பழக்கம் இங்கும் தொடர்கிறது. நெஞ்சிலே ஒரு ரூபாய்க் குற்றியளவு கடி இருந்தால் பெரும்பாலும் ஊசிதான் குற்றவாளி. மருந்துக்கடைகளிலும் தபால் மூலமும் ஒரு சிறு சோதனைத் திரவம் வாங்கலாம். பஞ்சில் நனைத்து உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளிவரும் பொருளில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். டென்மார்க் 1990களின் தொடக்கத்தில் நிக்கலுக்குச் சட்ட எல்லை விதித்தது, 1994இல் ஐரோப்பிய சமூகமும் அதைப் பின்பற்றியது. இந்நாட்டிலும் அந்த எல்லை உண்டு. ஊரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பெட்டியில் வரும் நகைகளுக்கு அந்தக் காவல் இல்லை.

பொட்டு விடயம் சற்று நுணுக்கமானது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டிலே செய்த குங்குமம் வேறு, கடையில் வாங்கும் பளிச்சென்ற சிவப்புத் தூள் வேறு. பின்னதில் செயற்கைச் சாயங்களும் வாசனைத் திரவியமும் கலந்திருக்கலாம். அவற்றால் நெற்றியில் கடி மட்டுமன்றிக் கருமையும் படியும். ஒட்டுப் பொட்டின் பசையில் உள்ள ஒருவகைப் பிசின் தோலின் நிறக் கலங்களையே கொன்று, பொட்டு வைத்த இடத்தில் வெள்ளைப் புள்ளியை உண்டாக்கக் கூடியது. இந்தியத் தோல் வைத்தியர்கள் இதைப் பல தடவை எழுதியிருக்கிறார்கள். வெள்ளைப் புள்ளி கண்டதும் வீட்டில் ஒருவர் அழ ஆரம்பிப்பார், இன்னொருவர் கலியாணப் பேச்சை நினைத்து வாயை மூடுவார். பொட்டளவுக்கு, பொட்டு வைத்த இடத்தில் மட்டும் வெள்ளை இருந்தால் முதலில் ஒட்டுப் பொட்டை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். நிறக் கலம் நேரடியாகக் கெடுவதால் இது ஒட்டுச் சோதனையில் எப்போதும் அகப்படாது. குங்குமம் ஒவ்வாத சில காலத்துக்கு அதைத் தாலியில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அம்பாள் கோபிக்கமாட்டாள் என்பது எமது அபிப்பிராயம்.

கோயிலுக்கு மாலை கட்டும் அன்பர்கள் விரல் நுனியையும் முகத்தையும் கவனிக்கவேண்டும். செவ்வந்தி, சூரியகாந்தி, டெய்சி ஆகியவை ஒரே குடும்பம். 1980களின் பிற்பகுதியில் வவுனியா, யாழ்ப்பாணப் பகுதிகளில் பரவிய பார்த்தீனியக் களையும் அக்குடும்பமே. ஊரிலே பார்த்தீனியத்தால் பதிவு ஏற்பட்டவருக்கு இங்கே செவ்வந்தி மாலை கட்டும்போது கரப்பன் எழ இடமுண்டு. மடைப்பள்ளியில் உள்ளி உரிப்பவர்களுக்கு இன்னோர் அடையாளம் உண்டு. வலக்கையால் கத்தி பிடிப்பவருக்கு இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் தடித்து வெடிக்கும். உள்ளியில் உள்ள இரசாயனம் பெரும்பாலான கையுறைகளையும் ஊடுருவிப் போகும். ஆகவே கையுறையைவிட, உரிக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுப்பதே வழி.

ஆண்களுக்கு மீசைச் சாயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருள் இருக்கிறது. ஒவ்வாதவருக்குக் காதோரம், நெற்றி விளிம்பு, கண்ணிமை எல்லாம் வீங்கிவிடும். பெட்டியிலே 48 மணித்தியாலத்துக்கு முன்னர் தோலில் சிறிது பூசிப் பார்க்கும்படி எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. விடுமுறைக்குப் போன இடத்தில் பிள்ளைகளின் கையில் 'கறுப்பு மருதோன்றி' என்று வரையும் சித்திரத்திலும் அதே பி.பி.டி. கூடிய செறிவில் இருப்பதுண்டு. தோலில் அவ்வாறு வரைய அதைப் பயன்படுத்த இந்நாட்டுச் சட்டம் இடமளிக்கவில்லை. உண்மையான மருதோன்றி செம்மஞ்சளும் கபிலமுமாகவே பிடிக்கும். கறுப்பாகப் பிடித்தால் வேறேதோ கலந்திருக்கிறது. பத்து வயதில் கைச்சித்திரத்தால் பதிந்த ஒவ்வாமை, நாற்பது வயதில் முதல் நரைக்குச் சாயம் பூசும் நாளில் தன் கணக்கைத் தீர்க்கும்.

கையுறையே காரணமான கதை

சங்க உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தை அவரது அனுமதியுடன், பெயர் விலக்கி எழுதுகின்றோம். அக்கா என்றே அழைப்போம். விடுதி அறைகள் துப்புரவு செய்வது அவர் தொழில், வெள்ளிதோறும் மடைப்பள்ளியில் தொண்டு. இரண்டு வருடமாகப் புறங்கையும் மணிக்கட்டும் வெடித்து, கடித்து, இரவில் நித்திரை இல்லை. ஒரு வருடம் கத்தரிக்காயும் இறாலும் தக்காளியும் விலக்கியிருந்தார். குடும்ப வைத்தியர் தந்த களிம்பைப் பூசினால் குறையும், விட்டால் திரும்ப வரும். பிரசாதம் பரிமாறும்போது ஒருவர் அவரது கையைப் பார்த்துத் தன் தட்டைப் பின்னிழுத்தார். அதன் பின் அக்கா பரிமாற வருவதை நிறுத்திவிட்டார். தொடுகை ஒவ்வாமை ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்கின்றோம்.

வேலையை விடுவதா என்ற யோசனை வந்தது. கணவர் நோயாளி, மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வரவு செலவைக் கேட்டு எம்மிடம் வந்தவர், சம்பளத் தாளைக் காட்டியபோதே கையையும் காட்டினார். எப்போது குறைகிறது என்று கேட்டோம். விடுமுறையில் இரண்டு வாரம் நின்றால் ஆறிவிடும், வேலைக்குப் போய் மூன்றாம் நாள் மீண்டும் வரும் என்றார். கரப்பன் மணிக்கட்டுக்கு மேல், கையுறையின் வாய் முடியும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் நின்றது. குடும்ப வைத்தியரிடம் இந்த இரண்டையும் சொல்லும்படி எழுதிக் கொடுத்தோம். சில மாதம் காத்திருந்து ஒட்டுச் சோதனைக்கு இடம் கிடைத்தது.

சோதனையில் மூன்று பொருட்களுக்கு முதுகு பதில் சொன்னது. முதலாவது தையூரம், இறப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனம். கை நோகாமலிருக்க அணிந்த கையுறையிலிருந்தே அது வந்தது. கை மோசமாக ஆக, அக்கா கையுறையை இன்னும் அதிக நேரம் அணிந்தார். இரண்டாவது எம்.ஐ. எனச் சுருக்கப்படும் மெத்தில்ஐசோதயசோலினோன். திரவங்கள் பழுதாகாமல் காக்கும் பொருள், பாத்திரம் கழுவும் திரவத்திலும் தரை துடைக்கும் திரவத்திலும் இருக்கக்கூடியது. மூன்றாவது நிக்கல். சின்ன வயதில் தோட்டினால் வந்த பழைய பதிவு, இப்போதைய கரப்பனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நிபுணர் ஒதுக்கிவிட்டார். கத்தரிக்காயின் பெயர் எங்கும் வரவில்லை.

வினைல் கையுறையும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும், எம்.ஐ. இல்லாத திரவங்களும் வந்தன. முதல் மாதம் பெரிய மாற்றமில்லை. மூன்றாம் மாதமளவில் தோல் மூடியது. குளிர்காலத்தில் இன்னும் வரண்டு வெடிக்கத்தான் செய்கிறது, ஆனால் நித்திரை வருகிறது. கத்தரிக்காய்க் குழம்பு அக்கா வீட்டில் மீண்டும் காய்ச்சப்படுகிறது.

முதுகில் ஒரு வாரம்

இச்சோதனையின் அடிப்படை 1895இல் யோசப் யடாசோன் என்ற ஜேர்மனியத் தோல் வைத்தியர் பாதரசம் ஒவ்வாத ஒருவரின் தோலில் அதையே சிறிதளவு வைத்துப் பார்த்ததிலிருந்து வருகிறது. சந்தேகப் பொருளைச் சிறிதளவு தோலில் மூடிவைத்து, இரண்டு நாள் பொறுத்து, உடம்பே சாட்சி சொல்ல விடுவது. இன்றும் அதே தத்துவம்தான்.

வழக்கமாக ஒரு வாரத்தில் மூன்று தடவை வைத்தியசாலைக்குப் போகவேண்டும். திங்களன்று தாதி சிறு கிண்ணங்கள் பதித்த பிளாஸ்ரர்களை முதுகின் மேற்பகுதியில் ஒட்டுவார். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பொருள், பெரும்பாலும் வாசலினில் கலந்தது. பொதுத் தொகுதியில் 30 முதல் 50க்கு மேலும் பொருட்கள் இருக்கும், தொழிலுக்கு ஏற்ப இன்னும் சேர்ப்பார்கள். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. புதன் பிளாஸ்ரரைக் கழற்றி முதல் வாசிப்பு, வெள்ளி இரண்டாவது வாசிப்பு. இரண்டாவது மிக முக்கியம், ஏனெனில் பல ஒவ்வாமைகள் அன்றுதான் தெளிவாகும். "புதனே ஒன்றும் இல்லை" என்று வெள்ளி போகாமல் விடுபவர்கள் வாரம் முழுவதையும் வீணாக்குகிறார்கள். நியோமைசின், சில ஸ்ரீரொயிட் ஆகியவை ஒரு வாரம் கழித்தும் எழலாம்.

கையிலே குத்திப் பதினைந்து இருபது நிமிடத்தில் பார்க்கும் சோதனையும், இரத்தத்தில் ஒவ்வாமை பார்ப்பதும் வேறு. அவை தும்மல், வேர்க்கடலை, இறால், கையுறையின் இறப்பர்ப் பால் போன்ற உடனடி ஒவ்வாமைக்கானவை. தொடுகைக் கரப்பனின் காரணத்தை அவை காட்டா. கடைகளிலும் தபாலிலும் 'நூறு ஒவ்வாமை பார்க்கிறோம்' என்று தலைமயிரையும் இரத்தத் துளியையும் கேட்பவர்களுக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

எம்மவருக்கு உண்மையான சிரமம் முழுக்கில் வருகிறது. அந்த வாரம் முழுதும் முதுகு நனையக்கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. இடுப்புக்குக் கீழே கழுவி, மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். ஆகவே தேர், தீர்த்தம், கந்தசஷ்டி, காவடி, பிரதட்டை உள்ள வாரத்தில் திகதி எடுக்காதீர்கள், கடிதம் வந்ததும் கோயில் நாட்காட்டியைப் பாருங்கள். மேற்சட்டை களைந்து கும்பிடும் ஆண்கள் அந்த வாரம் வெளிவீதியில் நின்று கும்பிடலாம். நெற்றித் திருநீற்றுக்குத் தடையில்லை, முதுகில் திருநீறு, சந்தனம், எண்ணெய் வேண்டாம். துடக்குக் கழிவு, அந்தியேட்டி என்று தலைமுழுக்குத் தவிர்க்கமுடியாமல் வந்தால் வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் சொல்லி வேறு திகதி கேளுங்கள். அடையாளமிடும் மை துணியில் பிடிக்கும் என்பதால் நல்ல சட்டை, வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டையும் ஒதுக்கி வையுங்கள்.

முன்கூட்டியே சொல்லவேண்டியவை சில உண்டு. முதுகில் ஸ்ரீரொயிட் களிம்பு பூசியிருந்தாலும், பிரெட்னிசலோன் போன்ற குளிசை எடுத்தாலும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தாலும் சோதனை பொய் சொல்லும். ஊருக்குப் போய் முதுகில் வெயில் பட்டுத் திரும்பியவர்கள் சில வாரம் பொறுக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் பிற்போடுவார்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

தோலின் நிறத்தைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பாடப் புத்தகங்களின் படங்களில் ஒவ்வாமை என்பது வெள்ளைத் தோலில் சிவப்பு. எம் தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ, சாம்பலாகவோ, வெறும் கருமையாகவோ தெரியும். அனுபவமுள்ளவர்கள் சரிந்த வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, தடிப்பும் சிறு கொப்புளமும் உண்டா என்று அறிவார்கள். ஓரிடத்தில் கடுமையாகக் கடித்தது என்றால் வாய்திறந்து சொல்லுங்கள், எந்த நாள் ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள். சோதனை எழுந்த இடத்தில் கரிய அடையாளம் சில மாதம் நிற்கலாம், அது மெல்ல மறையும். சோதனையாலேயே புதிய ஒவ்வாமை பதிவது மிக அரிது.

மொழி தெரியாதவர்களுக்கு என்.எச்.எஸ். இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும், திகதி கடிதம் கிடைத்தவுடன் கேட்கவேண்டும். பன்னிரண்டு வயது மகளைப் பாடசாலையை நிறுத்தி அழைத்துப் போய், தாயின் உடம்பைப் பற்றிக் கேட்கச் செய்வதை நாம் விரும்பவில்லை.

போகும்போது நீங்கள் பாவிக்கும் பொருட்களைப் பெட்டியோடும் போத்தலோடும் கொண்டுபோங்கள். குங்குமம், ஒட்டுப் பொட்டு, சந்தனம், தலைக்கு வைக்கும் எண்ணெய், ஊர்த் தைலம், முகக் களிம்பு, கையுறை எல்லாம் வேண்டும். வெட்கப்பட்டு நாட்டு மருந்தை ஒளிப்பவர்கள் உண்டு, காரணம் அதிலேயே இருந்துவிடும். பூசி விட்டுவிடும் பொருட்களை அப்படியே சோதிப்பார்கள், சவர்க்காரம், ஷாம்பு போன்றவற்றை மிகவும் நீர்த்துச் சோதிப்பார்கள். இதை வீட்டில் பிளாஸ்ரர் ஒட்டி நீங்களே செய்யாதீர்கள். நீர்க்காத துப்புரவுத் திரவம் முதுகை வேகவைத்துவிடும்.

விடை வந்த பின்

முதுகில் ஒன்று எழுந்தது என்பதால் அதுவே இன்றைய நோய்க்குக் காரணம் என்று ஆகாது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு இருப்பதும், அது இந்த வருடத்துக் கடன்தானா என்பதும் வேறு வேறு. அக்காவின் நிக்கல் போல. நிபுணர் உங்கள் தொழிலையும் பழக்கத்தையும் அவ்வளவு விரிவாகக் கேட்பது இதற்காகத்தான். ஒன்றும் எழாவிட்டாலும் அது வீண் அல்ல, எரிவுக் கரப்பன் என்ற பக்கம் பார்வை திரும்பும்.

எழுந்த பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தருவார்கள். ஒரே பொருளுக்கு நாலைந்து பெயர்கள் இருக்கும், எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பணப்பையில் வையுங்கள். இம்மடலின் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வேலை உண்டு. அம்மாவோடு கடைக்குப் போய் போத்தலின் பின்பக்கத்தை அவர்கள் வாசிக்கட்டும். 'இயற்கையானது', 'மூலிகை', 'உணர்வுள்ள தோலுக்கு' என்ற முன்பக்க வாசகங்களுக்குப் பெறுமதி இல்லை. சந்தன எண்ணெயும் இயற்கைதான், அதற்கும் ஒவ்வாமை உண்டு. எம்.ஐ.யைப் பொறுத்தவரை, பூசி விட்டுவிடும் அழகுசாதனங்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்தது, அத்தடை இங்கும் தொடர்கிறது. கழுவிவிடும் பொருட்களில் குறைந்த அளவு அனுமதி உண்டு, வீட்டுத் துப்புரவுத் திரவங்களிலும் சுவர்ப் பூச்சிலும் இருக்கும். புதிதாகப் பூச்சடித்த அறையில் நுழைந்ததும் முகம் தடித்தால் அதை நினையுங்கள், பூச்சு காய்ந்து வாரங்களுக்குப் பிறகும் காற்றில் கலந்துகொண்டிருக்கும்.

விலக்குவதே சிகிச்சை. களிம்பு அழற்சியை அடக்கும், காரணத்தை அகற்றாது. அதற்காக ஸ்ரீரொயிட் களிம்பைக் கண்டு பயந்து பாதியில் விடுவதும் பிழை. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு ஏறக்குறைய அரை கிராம், வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கையளவு பரப்புக்கு அது போதும். கடையின் மேசைக்குக் கீழிருந்து எடுத்துத் தரும் முகம் வெளுக்கும் களிம்புகளில் மிகக் கடுமையான ஸ்ரீரொயிட் இருப்பதுண்டு, அவற்றைத் தொடவே வேண்டாம். சில களிம்புகளில் சேர்த்திருக்கும் நியோமைசினும், அபூர்வமாக ஸ்ரீரொயிட்டும் தாமே ஒவ்வாமை தருவன. மருந்து பூசப் பூச மோசமாகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தோலை மென்மையாக்கும் களிம்பால் கழுவுவதும், இளஞ்சூட்டு நீரும், மோதிரத்தைக் கழற்றி விரலிடை ஈரம் துடைப்பதும் சிறிய விடயங்கள், பலன் பெரியது. இந்தக் களிம்புகள் உடுப்பிலும் சேலையிலும் ஊறியபின் அத்துணி இலகுவில் தீப்பிடித்து விரைவாக எரியும். இந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதுபற்றி எச்சரித்தது. தீபம், கற்பூர ஆராத்தி, அடுப்பு என்று நெருப்போடு புழங்கும் எமக்கு அந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். சேலைத் தலைப்பை அடிக்கடி துவையுங்கள், துவைத்தாலும் முற்றாகப் போகாது என்பதை நினைவில் வைத்து நெருப்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

வேலைத்தலத்தில்

இது எமது துறைக்குக் கிட்டிய பகுதி. 2002ஆம் ஆண்டின் அபாயப் பொருட்கள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தொழிலாளியின் தோலுக்குக் கேடு தரும் பொருளை அகற்றவோ மாற்றவோ பாதுகாப்புத் தரவோ வேண்டியது முதலாளியின் கடமை. அதற்கான கையுறைக்குச் சம்பளத்தில் வெட்ட முடியாது. ஒவ்வாமை தராத கையுறையை எழுத்தில் கேளுங்கள், வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியை இணையுங்கள். நைத்திரைல் கையுறை என்றாலே பாதுகாப்பு என்று எண்ணவேண்டாம், அவற்றிலும் சிலவற்றில் இறப்பர் இரசாயனம் உண்டு. வினைல், அல்லது அவ்விரசாயனம் இன்றிச் செய்த நைத்திரைல் என்று குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். வேலையால் வந்த தோலழற்சி என்று வைத்தியர் எழுத்தில் உறுதிசெய்தால் அதை அரச பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிக்கும் பொறுப்பும் முதலாளிக்கு வரலாம். கைத்தொழிற் காய உதவிப்பணப் பட்டியலில் இவ்வகைத் தோலழற்சி டீ-5 என்ற இலக்கத்தில் இருக்கிறது. தனித்தொழில் செய்தவர்களுக்கு அது கிடைக்காது. பலரைக் கேளாமலே தனித்தொழிலாளி என்று பதிந்து வைத்திருக்கிறார்கள் என்பதால் சம்பளத் தாளைக் கட்டாயம் பாருங்கள்.

கட்டட வேலை செய்யும் தம்பிமார் சீமெந்தில் உள்ள குரோமியத்தைக் கவனிக்கவேண்டும். 2005 முதல் ஐரோப்பாவில் விற்கும் சீமெந்தில் கரையக்கூடிய அவ்வகைக் குரோமியம் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்கு மேற்படக்கூடாது. ஏற்கெனவே பதிந்தவர்களுக்குத் தோற் சப்பாத்தும் தோற் கையுறையும்கூடப் பிரச்சினை தரும், பல தோல்களைக் குரோமியத்தால் பதப்படுத்துகிறார்கள்.

காத்திருக்கும் நாட்களில்

ஒட்டுச் சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். கரப்பன் உச்சத்தில் இருக்கும் நாளில் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், வைத்தியரைக் காணும் நாளில் அது பெரும்பாலும் ஆறியிருக்கும். ஒரு கொப்பியில் திகதி, அன்று செய்த வேலை, தொட்ட புதிய பொருள், கடியின் அளவு என்று நாலு நிரல் போட்டு ஆறு வாரம் எழுதுங்கள். வேலைக்குப் போகாத நாட்களைத் தனியாகக் குறியுங்கள். முடிந்த போத்தல்களையும் சாயப் பெட்டிகளையும் குப்பையில் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். கொப்பி தமிழில் இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிறு பூசைக்குப் பின்னர் கொண்டுவந்தால் ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதித் தருகின்றோம்.